கப்பல் சீட்டு வாங்குமுன்... ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் ஒருசேரப் படியுங்கள்!



நம் பாட்டனார் காலத்தில் கப்பலேறுவது என்றால் பிழைப்புக்காகக் கப்பலேறுவதுதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜுலா' கப்பலில் ஏறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியவர்களின் கதை நாகூரிலும் கீழக்கரையிலும் எத்தனையோ இல்லங்களில் இன்றும் பேசப்படுகிறது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் தீ விபத்துக்கு உள்ளான பிறகு, அந்தப் பயணிகள் போக்குவரத்தே முடிவுக்கு வந்தது. பம்பாயிலிருந்து ஹாஜிகளைச் சுமந்து சென்ற கப்பல்களும் 1995உடன் நின்றுபோயின.

இப்போது நம் குடும்பங்கள் மீண்டும் கப்பலேறத் தொடங்கியுள்ளன. பிழைப்புக்காக அல்ல, பிள்ளைகளின் விடுமுறைக்காக! விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என மூன்று நான்கு இரவுகள் உல்லாசக் கப்பலில் கழித்துத் திரும்புவது வசதியுள்ள நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது. 2022இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் புறப்பட்டது. 2023இல் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது.

ஹலாலான வழியில் ஈட்டிய பொருளைக் கொண்டு, குடும்பத்தாரை மகிழ்விக்கப் பயணம் செல்வதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும். அன்றைய கப்பல் சீட்டு உங்களை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான சீட்டு. இன்றைய உல்லாசக் கப்பல் சீட்டோ எந்த ஊரில் இறக்குவதாகவும் உறுதி கூறுவதில்லை! அது பல பக்கங்கள் கொண்ட ஓர் ஒப்பந்தம். அதை எழுதியவர் கப்பல் நிறுவனத்தின் வழக்கறிஞர். அந்த ஒப்பந்தம் உங்கள் தலையில் சுமத்துகிற இழப்புகளையெல்லாம் காப்பீடு ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் புறப்படுகின்றனர். அந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று தாள்கள்

கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டும்போது நீங்கள் ஒன்றல்ல, மூன்று உடன்பாடுகளுக்குக் கட்டுப்படுகிறீர்கள். முதலாவது, கப்பல் நிறுவனத்தின் பயண ஒப்பந்தம். இரண்டாவது, உங்களுக்குச் சீட்டு விற்ற பயண முகவரின் நிபந்தனைகள். மூன்றாவது, காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி. இம்மூன்றையும் எழுதியவர்கள் வெவ்வேறானவர்கள். ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவருக்குக் கவலையில்லை. ஆகவே மூன்றுக்கும் இடையே இடைவெளிகள் உண்டு. குடும்பங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான்.

நம் சமுதாயத்தில் பயண முகவர் பெரும்பாலும் தெரிந்தவராக, ஏன், உறவினராகவே இருப்பார். "நம்ம பையன்தான், பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். உறவு வேறு, ரசீது வேறு. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்பதைச் சற்றே நினைவுகூருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியும் அதற்குச் சாட்சி வைப்பது பற்றியும் பேசுகிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சலிப்படையலாகாது என்பது அதன் அறிவுரை. உறவினரிடம் எழுத்தில் கேட்பது அவர்மீது ஐயம் கொள்வதாகாது. உறவைக் காப்பதற்கான வழியே அது.

முகவரிடம் கேட்க வேண்டியவை எளியவை. கப்பல் நிறுவனம் தந்த முன்பதிவு எண் எது? அது உங்கள் பெயரில் உள்ளதா, முகவர் மொத்தமாக வாங்கிய குழுப் பதிவில் உள்ளதா? குழுப் பதிவுக்கு ரத்து நிபந்தனைகள் கடுமையாக இருக்கக்கூடும். நீங்கள் ரத்து செய்தால், கப்பல் நிறுவனம் பிடித்துக்கொள்வதற்கு மேல் முகவரும் தம் பங்குக்குப் பிடித்தம் செய்வாரா? கப்பல் கட்டணத்தில் துறைமுக வரியும், பணியாளர்களுக்கான நாள்வாரி அன்பளிப்புத் தொகையும் அடங்கியுள்ளனவா? பல கப்பல்களில் இந்த அன்பளிப்புத் தொகை நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று, பயண இறுதியில் உங்கள் கணக்கில் ஏற்றப்படும். குழந்தைகளுக்கும் அது உண்டு.

கப்பல் ஒப்பந்தம் சொல்வது என்ன?

ரத்துக் கட்டணம். புறப்படும் நாளுக்கு எத்தனை நாட்கள் முன்னதாக நீங்கள் ரத்து செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, பிடித்தம் படிப்படியாக உயரும். தொடக்கத்தில் முன்பணம் மட்டும் போகும், பிறகு பாதி, பிறகு முக்கால் பங்கு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில், கடைசி 30 நாட்களுக்குள் அல்லது 15 நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் போய்விடும். 'திரும்பப் பெற இயலாத முன்பணம்' என்று குறிப்பிட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படும் சீட்டுகளில், முதல் நாளே ரத்து செய்தாலும் முன்பணம் வராது. துறைமுக வரி மட்டும் பெரும்பாலான நிறுவனங்களில் திரும்பக் கிடைக்கும். அதைக் கேட்டுப் பெறத் தவறிவிடாதீர்கள்.

இருவர் கணக்கு. விளம்பரத்தில் காணும் விலை, ஒரு கேபினில் இருவர் தங்குவதாகக் கொண்டு நபர் ஒருவருக்குச் சொல்லப்படும் விலை. இருவரில் ஒருவர் வர இயலாமற்போனால், மற்றவர் தனியாகத் தங்குவதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்ட நேரிடும். சில வேளைகளில் அது இன்னொருவருக்கான கட்டணத்துக்கே சமமாகிவிடும்.

துறைமுகம் மாறுதல். வானிலை, இயந்திரக் கோளாறு, அரசின் அனுமதியின்மை, கப்பல் தலைவரின் முடிவு ஆகிய எக்காரணம் கொண்டும் வழியை மாற்றவும், ஒரு துறைமுகத்தை விட்டுவிடவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தம் கூறும். அவ்வாறு விட்டுவிட்டால், அந்தத் துறைமுகத்துக்கான வரி திரும்பக் கிடைக்கலாம். கட்டணத்தில் குறைப்பு கிடைக்காது. இது வெறும் ஏட்டுச் சொல் அன்று. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல், புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல், கடலில் நின்று திரும்ப வேண்டியதாயிற்று. கப்பலில் சூதாட்ட அரங்கு இருப்பது குறித்து அங்கு எதிர்ப்பு எழுந்திருந்தது. புதுச்சேரியைப் பார்க்கலாம் என்று ஏறியவர்கள் அதைக் கடலில் இருந்தபடியே பார்த்தனர்!

பயணமே தள்ளிப்போதல். சிங்கப்பூரிலிருந்து 2025 டிசம்பர் 15 அன்று முதற்பயணம் புறப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்த 'டிஸ்னி அட்வெஞ்சர்' கப்பலின் கட்டுமானம் தாமதமாகவே, பயணம் 2026 மார்ச் 10க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கப்பல் நிறுவனமே ரத்து செய்யும்போது பொதுவாகக் கட்டணம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் தனியே வாங்கிய விமானச் சீட்டும், விடுதி அறையும், விசாச் செலவும் வேறு கணக்கு. கப்பல் ஒப்பந்தம் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை, அல்லது பொறுப்பேற்க இயலாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும்.

ஆவணங்கள். பாஸ்போர்ட், விசா ஆகியவற்றுக்கு முழுப் பொறுப்பும் பயணியுடையதே. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு சென்று, மீண்டும் சிங்கப்பூரில் இறங்கினால், நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவதற்கு மட்டுமான விசா வைத்திருப்பவரைக் கப்பலிலேயே ஏற்றமாட்டார்கள், பணமும் திரும்பாது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். முகவர் "விசா தேவையில்லை" என்று வாய்மொழியாகச் சொன்னது எங்கும் செல்லாது.

தாய்மாரும் சிசுக்களும். கர்ப்பத்தின் 24ஆம் வாரத்தில் நுழைந்துவிட்ட பெண்களை பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஏறும் நாளைக் கொண்டு அல்ல, பயணம் முடியும் நாளைக் கொண்டே வாரம் கணக்கிடப்படும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் இடமில்லை. ஓராண்டுக்கு முன்னரே பதிவு செய்துவிட்டு, பின்னர் அல்லாஹ் குழந்தைப் பேற்றை அருளினால், இந்த விதி குடும்பம் முழுவதையும் பாதிக்கும் என்பதை இளந்தம்பதியர் கவனிக்க வேண்டும்.

நேரம். ஏறுவதற்கான நேரம் கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகவே முடிந்துவிடும். நடுத்துறைமுகங்களில் ஊர் சுற்றச் சென்றவர் பிந்தி வந்தால் கப்பல் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்கு அவர் தம் செலவிலேயே சென்று சேர வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே பின்பற்றிக்கொண்டிருக்க, உங்கள் கைபேசி புக்கெட்டில் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டால், நீங்கள் "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்று கடைவீதியில் நின்றுகொண்டிருப்பீர்கள். கப்பல் நங்கூரத்தைத் தூக்கியிருக்கும். எந்த நேரம் என்பதைக் கப்பலை விட்டு இறங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவு. ஹலால் உணவு கோருவோர் முன்பதிவின்போதே எழுத்தில் கோரிப் பதில் பெற வேண்டும். 'பன்றி இறைச்சியோ பன்றிக் கொழுப்போ இல்லை' என்பதும் 'ஹலால் சான்று பெற்ற சமையலறை' என்பதும் ஒன்றல்ல. இயன்றவரை முயல்வோம் என்பதே பெரும்பாலான ஒப்பந்தங்களின் வாசகம். அது உறுதிமொழி ஆகாது. மதுபானத் தொகுப்பு சேர்த்துச் சொல்லப்படும் சலுகை விலை என்றால், அதை நீக்கிய விலையைக் கேளுங்கள்.

எந்த ஊர் நீதிமன்றம்?

இவை யாவற்றையும்விடப் பலர் கண்ணில் படாத வரி, வழக்கு எந்த ஊரில் தொடரப்பட வேண்டும் என்பது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த தம்பதியர் தம் ஊர்ப் பயண முகவர் வழியாக, 'கார்னிவல்' நிறுவனத்தின் 'டிராபிகேல்' கப்பலில் பயணம் செய்யப் பணம் கட்டினர். பணம் கட்டிய பின்னரே சீட்டு கைக்கு வந்தது. மெக்சிகோ கரைக்கு அப்பால், கப்பலின் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது அந்த அம்மையார் வழுக்கி விழுந்து காயமுற்றார். தம் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தார். சீட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனையோ, வழக்குகள் நாட்டின் மறுகோடியிலுள்ள ஃபுளோரிடா மாநில நீதிமன்றங்களிலேயே நடைபெற வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991 ஏப்ரலில், 7க்கு 2 என்ற பெரும்பான்மையில், அந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

ஒரே நாட்டுக்குள் நடந்த கதை இது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வழக்காட வேண்டும் என்று எழுதப்பட்ட சீட்டை வைத்துக்கொண்டு, ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் என்ன செய்ய முடியும்? அமெரிக்க நிறுவனங்களின் ஒப்பந்தங்களில், காயம்பட்டால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும் ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்கவும் வேண்டும் என்ற காலவரையறையும் இருக்கும். கப்பல் மருத்துவர் தனி ஒப்பந்தக்காரர், அவர் செய்யும் சிகிச்சைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாசகத்தையும் பலவற்றில் காணலாம். கப்பல் நிறுவனத்திடமிருந்து பெறுவது இவ்வளவு கடினமாக இருப்பதால்தான் மூன்றாவது தாளான காப்பீடு முக்கியமாகிறது.

காப்பீடு தருவதும் தராததும்

பயணக் காப்பீடு என்பது 'எது நடந்தாலும் பணம் வரும்' என்ற உறுதி அன்று. பாலிசியில் பட்டியலிடப்பட்ட காரணம் நேர்ந்தால், பட்டியலிடப்பட்ட தொகை வரை, உரிய சான்றுகள் இருந்தால் பணம் வரும் என்பதே அது. இதில் பெரும் பயன் மருத்துவத்தில்தான். கப்பலில் உள்ள மருத்துவமனை தனியார் மருத்துவமனை போன்றது. அதன் கட்டணம் உங்கள் கேபின் கணக்கில் டாலரில் ஏறும். ஊரில் நீங்கள் எடுத்துள்ள சாதாரண மருத்துவக் காப்பீட்டு அட்டை பொதுவாக வெளிநாட்டுக் கடலில் செல்லாது. நெஞ்சுவலியால் ஒருவரை ஹெலிகாப்டரிலோ வேறு படகிலோ கரைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். 'அவசர மருத்துவ வெளியேற்றம்' என்ற தலைப்பு பாலிசியில் உள்ளதா, கடலிலிருந்து வெளியேற்றுவதும் அதில் அடங்குமா என்பதே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், கணவனின் தாயார் என ஐவர். தாயாருக்கு வயது 68. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. கப்பல் கட்டணம் 2,00,000 ரூபாய், விமானம் 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புறப்படுவதற்கு 20 நாட்கள் இருக்கும்போது தாயார் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். பயணத்தைக் கைவிடுகிறார்கள். கப்பல் ஒப்பந்தப்படி கடைசி 30 நாட்களுக்குள் ரத்து. 2,00,000 ரூபாயும் போயிற்று. "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்று ஆறுதல் கொள்கிறார்கள். இனி வரிசையாகக் கேள்விகள் எழும்.

முதற்கேள்வி, நோய் எது? நீரிழிவின் விளைவாக வந்த நோய் என்று மருத்துவர் எழுதினால், 'முன்பே இருந்த நோய்' என்ற விலக்கு குறுக்கே வரும். பல பாலிசிகளில் முன்பே இருந்த நோய்க்கு இடமே இல்லை. சிலவற்றில் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், ஒரு வரம்புக்கு உட்பட்டு உண்டு. மூத்த குடிமக்களுக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனி உச்சவரம்பு வைப்பதும் வழக்கம்.

இரண்டாவது கேள்வி, 'நெருங்கிய குடும்பத்தார்' என்றால் யார்? மகனுக்குத் தாய் நெருங்கிய உறவு. மருமகளுக்கு மாமியார்? சில பாலிசிகளின் விளக்கத்தில் மாமனார், மாமியார் இடம்பெறுவார், சிலவற்றில் இடம்பெறமாட்டார். பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி? கூட்டுக் குடும்பமாக வாழும் நமக்கு ஐயமே எழாத இந்த உறவுகள், பாலிசித் தாளில் ஐயத்துக்கு உரியவை ஆகிவிடுகின்றன.

மூன்றாவது கேள்வி, எவ்வளவு? மருத்துவச் செலவுக்கு 50,000 டாலர், 1,00,000 டாலர் என்று பெரிய எண்ணை விளம்பரத்தில் காட்டுவார்கள். அது மருத்துவத்துக்கு உரியது. பயண ரத்துக்கான உச்சவரம்பு தனியே, மிகச் சிறியதாக இருக்கும். அதற்கும் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே தருவார்கள்.

நான்காவது கேள்வி, பாலிசி எப்போது எடுக்கப்பட்டது? விமானமேறுவதற்கு இரண்டு நாட்கள் முன்பு காப்பீடு எடுப்பது நம்மிடையே வழக்கம். ஆனால் ரத்துக்கான பாதுகாப்பு பாலிசி எடுத்த நாளுக்குப் பின் நிகழும் நிகழ்ச்சிக்கே பொருந்தும். 20 நாட்கள் முன்பு தாயார் நோயுற்றபோது பாலிசியே இல்லையென்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. கப்பலுக்கு முன்பணம் கட்டிய வாரத்திலேயே காப்பீட்டையும் எடுத்துவிடுவதே அறிவுடைமை.

காப்பீடு பெரும்பாலும் ஏற்காதவற்றையும் நினைவில் கொள்ளுங்கள்: மனம் மாறி ரத்து செய்தல், விசா மறுக்கப்படுதல், அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காமை, பாலிசி எடுக்கும்போதே செய்தித்தாளில் வந்துவிட்ட புயலோ கலவரமோ நோய்ப் பரவலோ, மது அருந்திய நிலையில் ஏற்படும் விபத்து, அனுமதியற்ற நீர் விளையாட்டுகள். கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டதால் ஏற்படும் ஏமாற்றத்துக்கும், 'கப்பல் பயணப் பாதுகாப்பு' என்ற தனிப்பிரிவு பாலிசியில் இருந்தாலொழிய, ஒரு காசும் கிடைக்காது. தொற்றுநோயின் காரணமாகக் கேபினில் அடைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதும் படித்துப் பார்க்க வேண்டியதே. 2020 பிப்ரவரியில் யோகஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டதை உலகம் மறக்கவில்லை.

பாலிசியின் எல்லையையும் பாருங்கள். கப்பல் தொடும் நாடுகள் அனைத்தும் அதில் அடங்க வேண்டும். வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாத கப்பலுக்கு வெளிநாட்டுப் பயணப் பாலிசி பொருந்தாது. உள்நாட்டுப் பயணக் காப்பீடு தனியே உண்டு.

ஒரு முஸ்லிம் குடும்பம் பேசத் தயங்கினாலும் படித்தே ஆக வேண்டிய இன்னொரு பத்தி உண்டு. பயணத்தில் மரணம் நேர்ந்தால், உடல் கப்பலின் குளிர்பதன அறையில் வைக்கப்பட்டு, கரையில் ஒப்படைக்கப்படும். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவையோ, இறந்த ஊரிலேயே அடக்கம் செய்யும் செலவையோ பாலிசி ஒரு வரம்புக்குள் ஏற்கும். ஜனாஸாவைத் தாமதியாமல் அருகிலேயே நல்லடக்கம் செய்ய விரும்புவோர், அந்த இரண்டாவது வழி பாலிசியில் உள்ளதா என்று பார்த்து, தம் விருப்பத்தைப் புறப்படுமுன் பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது நல்லது. அந்த நேரத்தில் அந்நிய மண்ணில் முடிவெடுக்கும் சுமை அவர்களுக்குக் குறையும்.

மார்க்க நோக்கில் காப்பீடு

காப்பீடு கூடுமா என்ற கேள்வி வாசகர்களின் உள்ளத்தில் எழுவது இயல்பே. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் செலுத்தும் வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் பெரும் நிச்சயமின்மை கலந்திருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடே மாற்று வழி என்றும் முடிவு செய்தது. 'தகாஃபுல்' என்னும் அம்முறைக்கு மலேசியா 1984இலேயே சட்டம் இயற்றியிருந்தது. அங்கு வாழும் நம் உறவினர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. சட்டமே கட்டாயமாக்கும் இடங்களும் உள்ளன: ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பிக்கவே இயலாது. கட்டாயத்தின்போதும், தேவையின்போதும் எந்த அளவு அனுமதி உண்டு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. உங்கள் பகுதி ஆலிமிடம் பாலிசித் தாளையே காட்டிக் கேட்பது சிறந்தது.

காப்பீடு வேண்டாம் என்று முடிவு செய்வோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ரத்தானால் இழக்கக்கூடிய முழுத் தொகையையும், வெளிநாட்டு மருத்துவமனையில் கட்ட வேண்டிய முன்பணத்தையும் தாமே தாங்க முடியுமா என்று கணக்கிட்டு, அதற்கான பணத்தை எடுத்துவைத்த பின்னரே புறப்பட வேண்டும். நோயுற்ற முதியோரை அழைத்துச் செல்வோர் இக்கணக்கை இருமடங்கு கவனத்துடன் போட வேண்டும். எந்த ஏற்பாடும் இன்றிச் சென்று, பின்னர் கடன் வாங்கி மருத்துவமனைக்குக் கட்டும் நிலை யாருக்கும் வரலாகாது.

சச்சரவு வந்தால்

கோரிக்கையை வெல்வது பெரும்பாலும் ஆவணமே. நோயுற்றால், பயணம் செய்யத் தகுதியற்றவர் என்று மருத்துவர் எழுதிய சான்று. கப்பல் நிறுவனம் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு திருப்பித் தந்தது என்ற கடிதம். விமானம் தாமதமானால் விமான நிறுவனத்தின் கடிதம். கப்பல் மருத்துவமனையின் ரசீதுகள், மருத்துவக் குறிப்புகள். இவற்றை அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். ஊர் திரும்பியபின் கிடைப்பது அரிது. மருத்துவமனையில் சேர்க்குமுன் அல்லது சேர்த்தவுடன், பாலிசியில் குறித்த உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பதும் கட்டாயம்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். சென்னையில் அவருடைய அலுவலகம் உள்ளது. 50 லட்ச ரூபாய் வரையிலான முறையீடுகளை அவர் விசாரிப்பார், கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. பயண முகவரின் சேவையில் குறையிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இதற்காகவே முகவரின் ரசீதும் எழுத்து வடிவிலான உறுதிகளும் உங்களிடம் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

பணம் கட்டுமுன் ஒரு மாலைப்பொழுது

குடும்பமாக அமர்ந்து, மூன்று தாள்களையும் எதிரே வைத்து, நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. நம்மில் ஒருவர் புறப்படுவதற்கு 20 நாட்கள் முன்பு நோயுற்றால், எவ்வளவு போகும், எவ்வளவு திரும்பும்?
2. விமானம் பிந்திக் கப்பலைத் தவறவிட்டால் யார் செலவை ஏற்பார்? (கூடுமானவரை ஒருநாள் முன்னதாகவே கப்பல் புறப்படும் ஊரை அடைந்துவிடுவது காப்பீட்டைவிடச் சிறந்த பாதுகாப்பு.)
3. நடுக்கடலில் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தால், முதலில் யாருக்குத் தொலைபேசி செய்வது. பாலிசி எதுவரை ஏற்கும்?
4. நாம் பார்க்க விரும்பும் துறைமுகத்தில் கப்பல் நிற்காமலே போனால், அப்போதும் இந்த விலை நமக்கு ஏற்புடையதா?

நான்குக்கும் எழுத்தில் விடை கிடைத்தால் நிம்மதியாகப் பணம் கட்டுங்கள். விடை இல்லாத கேள்வி எதுவோ, அந்த இடத்தில் இழப்பு நேர்ந்தால் அதைத் தாங்க வேண்டியவர் நீங்களே என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தே ஏற்கும் இழப்பு வேறு; தெரியாமல் வந்து தாக்கும் இழப்பு வேறு.

பாட்டனார் கப்பலேறும் முன் ஊரில் கடன்களைத் தீர்த்து, கணக்கை எழுதிவைத்து, பெரியவர்களிடம் துஆப் பெற்றுப் புறப்பட்டார். பயணத்தின் நோக்கம் மாறியிருக்கலாம். அந்த முன்னேற்பாடு மாற வேண்டியதில்லை. வல்ல இறைவன் நம் குடும்பங்களின் பயணங்களை இலகுவாக்கி, அனைவரையும் நலமுடன் கரைசேர்ப்பானாக! ஆமீன்.